கூரைக்கு யார் மெழுகு போடுவது?

மேல்நாட்டில் மோட்டார் ஹோம் என்பது பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதியர் ஊர் சுற்றக் கிளம்பும் வண்டி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். சென்னையில் அந்த வண்டிக்குப் பெயர் கேரவன், கேரவன் என்றால் சினிமா. ஆழ்வார்பேட்டையிலோ ராஜா அண்ணாமலைபுரத்திலோ ஒரு பழைய பங்களா வாசலில் ஜெனரேட்டர் வண்டியும், அதன் பின்னால் உள்ளே எதுவும் தெரியாத கறுப்புக் கண்ணாடி போட்ட நீள வண்டியும் நின்றால், "யாரு ஷூட்டிங்குப்பா?" என்று கேட்காமல் ஒருவரும் தாண்டிப் போவதில்லை. பதில் கிடைக்கிறதோ இல்லையோ, பார்ப்பதற்குக் கிடைப்பது வண்டியின் வெளிப்புறம் மட்டும்தான். அது பளபளவென்று இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எழுதாத விதி.

அந்தப் பளபளப்பை யாரோ ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கொண்டுவருகிறார். இது வெட்டி வேலையா, வெறும் பகட்டா, அல்லது மரியாதைக்குரிய ஒரு காரியமா? மேற்பரப்பைப் பேணுவதற்கு நாம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? கேட்கும்போது சின்னக் கேள்வியாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு பெருக்குவது முதல் கோயில் சுவர் வரை பல விஷயங்கள் இந்தக் கேள்விக்குள் வந்துவிடுகின்றன.

*

முதலில் வேலையின் அளவைப் பார்த்துவிடலாம். 30 அடி நீளம், 8 அடி அகலம், 9 அடி உயரம் என்று ஒரு கேரவனின் உடலை வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கவாட்டும் சேர்ந்து 540 சதுர அடி. முன்னும் பின்னும் 144. கூரை 240. மொத்தம் 924 சதுர அடி. தி. நகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றின் பரப்பு அது. அதையும் ஒரு தடவை தடவினால் போதாது. கழுவ வேண்டும், மங்கிய இடத்தைக் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்க வேண்டும், மெழுகு பூச வேண்டும், காய்ந்த மெழுகை வேறு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நான்கு முறை என்றால் 3,696 சதுர அடி. கையால்!

இவ்வளவும் எதற்கு? வெயிலுக்காக. ஃபைபர் உடலின் மேல் ஜெல் கோட் என்றொரு பிசின் தோல் இருக்கும். தகர உடலென்றால் பெயிண்டுக்கு மேல் கிளியர் கோட். இரண்டையும் புற ஊதாக் கதிர் மெல்ல மெல்லச் சிதைக்கும். ஜெல் கோட் சிதைந்தால் மேலே சுண்ணாம்புத் தூள் போல ஒரு வெண்மை படியும். விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். சென்னையில் இதோடு கடல் உப்பும் சேர்ந்துகொள்கிறது. பெசன்ட் நகர், அடையாறு பக்கம் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். நிழலில் நிறுத்தலாமே என்றால், நம்மூர்த் தெருவில் நிழல் என்பது பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரம். அந்த மரத்தில் காக்கை இருக்கும். காக்கை எச்சம் காய்ந்தால் பெயிண்டைக் கடித்துவிடும். வெயிலுக்குத் தப்பி எச்சத்துக்கு மாட்டுவதுதான் சென்னை வண்டிகளின் தலைவிதி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பேச்சுவழக்கில் பாலிஷ், வேக்ஸ் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும். ஆனால் செய்யும் காரியம் நேர் எதிர். காம்பவுண்டும் பாலிஷும் மேற்பரப்பைத் தேய்த்து எடுக்கின்றன. கீறலை நிரப்புவதற்குப் பதில், கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள பரப்பைச் சீவிச் சமன் செய்கின்றன. மெழுகோ எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு படலமாக உட்கார்ந்து, வெயிலையும் மழையையும் முதலில் தான் வாங்கிக்கொண்டு, சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே போய்விடுகிறது. கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லியது. ஒவ்வொரு முறை நன்றாகப் பாலிஷ் போடும்போதும் அதில் சில மைக்ரான் குறைகிறது. ஆக, ஒரு வண்டியை எத்தனை தரம் புதுசாக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. வருஷா வருஷம் பளபளக்க வைத்துக்கொண்டே போனால், ஒருநாள் பளபளக்க ஒன்றும் மிஞ்சாது.

இந்த வேறுபாடு வண்டிக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் ஒரு காலத்தில் மணலை அழுத்தத்தில் பீய்ச்சியடித்துக் கற்சுவர்களைச் சுத்தம் செய்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போய் கல் புதுசு போல ஆனது. கூடவே கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின, சிற்பங்களின் நுண்மை தேய்ந்தது. தொல்லியல் அறிந்தவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் அந்த முறைக்குத் தடை வந்தது. அவர்கள் செய்ததும் பராமரிப்புதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அது எடுக்கும் பராமரிப்பு. ஆயிரம் வருஷம் தாங்கிய எழுத்தை ஒரே வாரத்தில் சீவி எறிந்த சுத்தம். 'புதுசு போல' என்ற ஆசைக்கு இப்படி ஒரு விலை உண்டு. பொருளின் மேல் காலம் எழுதியது அத்தனையும் அழுக்கு என்று அந்த ஆசை முடிவு கட்டிவிடுகிறது.

*

மெழுகு என்ற சொல் தமிழில் பொருளாகவும் இருக்கிறது, வினையாகவும் இருக்கிறது. தேன்கூட்டிலிருந்து எடுப்பது மெழுகு. சாணம் கரைத்துத் தரையைப் பூசுவதும் மெழுகுவதுதான். மண் தரை பெயராமல், புழுதி கிளம்பாமல் இருக்க வாரத்துக்கொருமுறை குனிந்து கையால் மெழுகிய பெண்களின் முதுகுவலி அந்த வினைச்சொல்லில் இருக்கிறது. அதே மொழிதான் "பூசி மெழுகாதே" என்றும் சொல்கிறது. தப்பை மறைத்துச் சமாளிப்பவனைப் பார்த்து. ஒரே செயல், ஒரு வாக்கியத்தில் அக்கறை, இன்னொரு வாக்கியத்தில் ஏமாற்று. மொழி குழம்பிவிட்டதாக நான் நினைக்கவில்லை. மேற்பூச்சுக்கு இரண்டு முகமும் உண்டென்று அது அறிந்து வைத்திருக்கிறது.

பழைய கார் விற்கும் இடங்களில் இரண்டாவது முகத்தைப் பார்க்கலாம். கீறல்களுக்குள் போய் அடைத்துக்கொள்ளும் ஒரு வகைப் பூச்சு உண்டு. போட்டவுடன் கீறல் கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து வாட்டர் வாஷுக்குப் பிறகு எல்லாம் திரும்ப வந்துவிடும். அதற்குள் வண்டி கை மாறியிருக்கும். துருவின் மேல் பட்டி வைத்து அடித்துவிடுவதும் இதே ஜாதி. உள்ளே நோய், மேலே மினுமினுப்பு. நல்ல மெழுகு இதைச் செய்வதில்லை. வெடிப்பிருந்தால் முதலில் வெடிப்பைப் பார்க்க வேண்டும், துருவிருந்தால் துருவைச் சுரண்ட வேண்டும், அதன் பிறகுதான் மெழுகு. மெழுகு போடப் போகிறவன் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தே ஆக வேண்டும். கேரவனின் சீலண்ட் எங்கே பிளந்திருக்கிறது, எந்த ஜன்னல் ஓரம் தண்ணீர் இறங்குகிறது என்பது முதலாளிக்குத் தெரிவதற்கு முன் துணி பிடித்தவனுக்குத் தெரியும். மறைக்கும் பூச்சு பார்க்கவிடாமல் செய்கிறது. காக்கும் பூச்சு போடுவதற்கே பார்வை வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தோன்றும் எளிய சோதனை, கூரை. கேரவனில் அதிகமாக வெயில் வாங்குவது கூரை. முதலில் வெளுப்பதும் வெடிப்பதும் அதுதான். ஆனால் தெருவில் போகிற எவர் கண்ணுக்கும் கூரை தெரியாது. "மேல யாரு சார் பாக்கப் போறா?" என்பார்கள். பார்ப்பவனுக்காக மெழுகு போடுகிறவன் பக்கவாட்டோடு நிறுத்திவிடுவான். வண்டிக்காகப் போடுகிறவன் ஏணியைத் தேடுவான். நம் வாழ்க்கையிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கூரை இருக்கிறது. விருந்தாளி நுழையாத சமையலறை மூலை, யாரும் சரிபார்க்காத கணக்கின் கடைசிப் பக்கம், நன்றி சொல்லத் தெம்பில்லாத வயதான நோயாளியின் முதுகுப்புண். அங்கே நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பக்கவாட்டின் பளபளப்புக்கு அர்த்தம்.

*

மயிலாப்பூருக்கும் சொந்தமாக ஒரு கேரவன் உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கபாலீசுவரரின் தேர். ஓடும் வீடுதானே அது! பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளைச் சுற்றி வரும். மறுநாள் அறுபத்துமூவர். அந்த ஒரு நாள் ஓட்டத்துக்காக மீதி நாளெல்லாம் அது நிற்கிறது. மரத்துக்கு வெயிலும் மழையும் கரையானும் பகை. ஓடும் நாளில் தேருக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் வருவதில்லை, ஆயிரம் கைகள் கூட இருக்கின்றன. நிற்கும் நாட்கள்தான் அதைத் தின்கின்றன. சினிமாக் கேரவனும் அப்படித்தான், ஓடுவது கொஞ்சம், நிற்பது அதிகம். யாரும் கவனிக்காமல் நிற்கிற காலத்தில் ஒரு பொருளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பராமரிப்பு என்பதன் முழு விஷயமும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. காப்பதே நோக்கமாகிவிடுவது. நம் வீடுகளில் டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, உறை மஞ்சளாகி, எண்கள் தெரியாமல் அமுக்கிக்கொண்டிருப்போம். புதுக் கார் சீட்டின் பாலிதீனைக் கிழிக்காமல் இரண்டு கோடை வேர்வையில் உட்கார்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். தி. நகர் சந்துகளில் உறை போட்ட கார்கள் மாதக்கணக்காக அசையாமல் நிற்கும். அந்த உறைக்குக் கீழே தூசி இருந்தால், காற்றில் உறை ஆடும்போதெல்லாம் அது பெயிண்டைக் கீறிக்கொண்டே இருக்கும் என்பது வேறு விஷயம். யாருக்காகப் பத்திரப்படுத்துகிறோம்? அடுத்து வாங்கப் போகிறவனுக்காகவா? நாம் கிழித்துப் பார்க்காத பாலிதீனை அவன் கிழிப்பான். தேரை யாரும் இப்படிக் காப்பதில்லை. அழுக்காகும் என்று பங்குனியில் ஓட்டாமல் வைத்தால், எதற்காகக் காத்தார்களோ அது போய்விடும். காப்பு பயன்பாட்டுக்குக் கீழேதான் நிற்க வேண்டும்.

சென்னைக்கு இந்தப் பாடம் தண்ணீரால் வந்தது. இரண்டு திசையிலிருந்தும். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது, வருஷக்கணக்காகத் துடைத்துப் பேணிய வண்டிகள் ஒரே ராத்திரியில் சேற்றில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் போல மிதந்து போனதை நாடே பார்த்தது. மெழுகு மேலிருந்து விழும் துளியை உருட்டிவிடும், வெள்ளத்தை ஒன்றும் செய்யாது. இடையில் 2019. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கிய ஜூலை மாதம். குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் தெருவில் ஒருவர் காரைக் கழுவினால், கழுவுவது அவர் கார்தான், அவர் காசுதான், ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரிந்தது. சரியான எரிச்சல். பேணுதல் தன்னளவில் நல்லது என்று சொல்லிவிட்டு நகர முடியாது என்பதை அந்தக் கோடை காட்டிக்கொடுத்தது. எதைக் கொடுத்து எதைப் பேணுகிறோம் என்று கேட்டே ஆக வேண்டும்.

*

தத்துவத்தில் இந்த மாதிரி வேலைக்கு வெகுகாலம் மதிப்பில்லை. ஹன்னா ஆரெண்ட் 1958-இல் எழுதிய 'தி ஹியூமன் கண்டிஷன்' நூலில் மனிதச் செயல்பாடுகளை மூன்றாகப் பிரித்தார். முதலாவது, உயிர்த்தேவையோடு சுற்றிச் சுற்றி வந்து எதையும் மிச்சம் வைக்காத உழைப்பு. இரண்டாவது, நிலைத்து நிற்கும் பொருளைச் செய்யும் ஆக்கம். மூன்றாவது, மனிதர் நடுவே நிகழும் செயல். துடைப்பதும் பெருக்குவதும் முதல் வகைக்குப் போகும். ஆனாலும் உலகம் இயற்கையால் அரிக்கப்படாமல் காக்கும் அன்றாடப் போராட்டத்தையும் அவர் உழைப்பின் கணக்கில்தான் வைத்தார். வீரச்சாயல் அதில் குறைவு, அலுப்பு அதிகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் சந்தேகம் வேறு. செய்த பொருள் நிலைத்து நிற்கிறது என்கிறோமே, அது தானாகவா நிற்கிறது? தேர் செய்த தச்சனின் ஆக்கம் இன்றும் மாட வீதியில் நிற்கிறதென்றால், நடுவில் எண்ணெய் தடவியவர்களும் கூரை போட்டவர்களும் நிற்க வைத்ததால் நிற்கிறது. இரண்டாவது வகை முதல் வகையின் தோளில் உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்கக் கலைஞர் மியர்லே லேடர்மேன் யூகெலஸ் இதை 1969-இலேயே ஒரு அறிக்கையாக எழுதினார். கைக்குழந்தையோடு வீட்டு வேலையில் மூழ்கியிருந்த காலம். பராமரிப்பையே கலை என்று அறிவித்தார். 1973-இல் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து அருங்காட்சியகத்தின் படிகளை மண்டியிட்டுக் கழுவினார். பின்னாளில் நியூயார்க் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 8,500 பேரை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். நமக்கு இது முழுக்கப் புதிதல்ல. திருநாவுக்கரசரைக் கையில் உழவாரத்தோடுதான் சிலையாக வைத்திருக்கிறோம். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி அது. பாடிய வாயைவிட அந்தக் கருவியைக் கொண்டுதான் அவரை அடையாளம் காண்கிறோம். உழவாரப்பணி என்ற சொல்லும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் இங்கேதான் நிதானிக்க வேண்டும். அப்பர் தானே விரும்பி எடுத்தது உழவாரம். யூகெலஸ் படி கழுவியதும் அவர் முடிவு. விடியற்காலை 5 மணிக்கு வாளியோடு வந்து, மயிலாப்பூர் அபார்ட்மெண்ட்களில் பத்துப் பன்னிரண்டு காரைத் துடைத்துவிட்டு, வேறொரு வேலைக்கு ஓடுகிறவருக்கு அது தவமும் இல்லை, கலையும் இல்லை. மாசம் பிறந்தால் வண்டிக்கு இவ்வளவு என்று வரும் கூலி. அவர் வேலையில் ஆன்மிகம் இருக்கிறது என்று நாம் சொல்வது, கூலியை ஏற்றிக் கொடுக்காமல் தப்பிக்க நல்ல வழி. பராமரிப்பைப் போற்றும் பேச்சு எதுவும் பூசி மெழுகலாக மாறிவிடக்கூடிய இடம் இதுதான்.

*

மெழுகு வரும் வழியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. வண்டி மெழுகுகளில் பேர்போனது கார்னூபா. பிரேசிலின் வடகிழக்கில், பியாவி, சியரா மாநிலங்களில் வளரும் ஒரு பனை. நம் பனை போலவே விசிறி ஓலை. வறண்ட காலத்தில் ஓலையின் நீர் ஆவியாகிவிடாமல் இருக்க, அந்த மரம் தன் ஓலை மேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. 80 டிகிரி தாண்டினால்தான் உருகும். மரம் தன்னை வெயிலிலிருந்து காக்கச் செய்துகொண்ட பூச்சைத்தான் நாம் எடுத்து வண்டிக்குப் போடுகிறோம். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்புத் தருவதும் இதுதான்.

அந்த ஓலையை நீண்ட கழியில் கட்டிய கத்தியால் ஆட்கள் அறுக்கிறார்கள். வெயிலில் காயப் போட்டு அடித்து மெழுகுத் தூளைப் பிரிக்கிறார்கள். இந்தத் தோட்டங்களில் தொழிலாளர்கள் அடிமைகள் போல நடத்தப்படுவதாக, குடிநீரும் கழிப்பறையும் இல்லாமல் வெட்டவெளியில் உறங்குவதாக, 2017-இல் ஜெர்மன் தொலைக்காட்சியான ஏ.ஆர்.டி. ஒரு ஆவணப்படத்தில் காட்டியது. பிரேசில் அரசின் தொழிலாளர் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட இடங்களிலிருந்து ஆட்களை மீட்டிருக்கிறார்கள். ஒரு தகரத்தை வெயிலிலிருந்து காக்கும் பொருளுக்காக ஒரு மனிதத் தோல் வெயிலில் கிடக்கிறது. இந்தப் பக்கம் சென்னையில், அதே மெழுகைத் தேய்க்கும் மனிதரும் வெயிலில்தான்.

கேரவனுக்கு உள்ளேயும் இதே கதைதான். அந்த வண்டியின் உண்மையான மதிப்பு சோபாவிலோ ஏசியிலோ இல்லை. ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், ஒரு கழிப்பறை. மலையாளத் திரையுலகைப் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது, படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் இடமும் இல்லை என்பதும், அதனால் அவர்கள் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள் என்பதும் பதிவாகியிருந்தது. பளபளக்கும் வண்டி சிலருக்கு. அதன் பக்கவாட்டு நிழலில் நிற்பது மற்றவர்களுக்கு. தி. நகர் இதை வேறு வடிவத்தில் அறியும். ரங்கநாதன் தெருவில் கண்ணாடியும் விளக்குமாக ஜொலிக்கும் துணிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தார்கள். ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021-இல்தான். ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! கடை வாசல் கண்ணாடியை தினமும் துடைக்க யாருக்கும் சட்டம் தேவைப்படவில்லை.

*

ஆக, மேற்பரப்பைப் பேணுவது மேலோட்டமான காரியமா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. தோலும் மேற்பரப்புதான். தோல் போனால் உடம்பு எத்தனை நாள் நிற்கும்? ஒரு பொருள் உலகத்தோடு உரசும் இடம் அது, அடி வாங்குவது அங்கேதான், அதைக் காப்பதும் அங்கேதான் முடியும். ஆனால் பேணுகிறோம் என்று சொல்லிக்கொள்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளலாம். நாம் எடுக்கிறோமா, சேர்க்கிறோமா. கூரைக்கும் போடுகிறோமா. போடுகிறவருக்கு என்ன போய்ச் சேருகிறது.

மூன்றாவதில்தான் பெரும்பாலும் தவறிவிடுகிறோம். முதல் இரண்டும் பொருளைப் பற்றியவை, பொருள் திருப்பிப் பேசாது. மூன்றாவது ஆளைப் பற்றியது, ஆள் பேசுவான், பேசினால் செலவு.

மெழுகு டப்பாக்களின் பின்பக்கம் பொதுவாக ஒரு குறிப்பு அச்சிட்டிருக்கும். நேரடி வெயிலில் பூசாதீர்கள், சூடான பரப்பில் பூசாதீர்கள் என்று. சூட்டில் மெழுகு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் வராது. அதனால் அனுபவமுள்ளவர்கள் வண்டியை நிழலுக்கு நகர்த்திய பிறகுதான் டப்பாவைத் திறப்பார்கள். அந்த நிழல் தேய்க்கிறவருக்கும் கிடைத்துவிடுகிறது. வண்டியின் புண்ணியத்தில், தற்செயலாக. நம் வீட்டு வாசலில் காரைத் துடைக்க வருகிறவருக்கு ஒரு நிழலும், குடிக்கத் தண்ணீரும், வருஷத்துக்கொருமுறையாவது கேட்காமலே ஏற்றிக் கொடுக்கும் கூலியும் தற்செயலாக இல்லாமல் கிடைத்தால், அந்தக் கார் பளபளப்பதை நாம் தாராளமாக நின்று ரசிக்கலாம்.